கஷ்டத்தின் திருகு யார் கையில்?

கொள்ளிடத்தின் வடகரையில், அரிசி ஆலைகளுக்கும் பொன்னி அரிசிக்கும் பேர்போன மண்ணச்சநல்லூரிலும், ஆற்றைத் தாண்டி ஸ்ரீரங்கத்திலும், தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைப் போலவே, தொண்ணூறுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வீடியோ கேம் என்றால் 'டிவி கேம்'தான். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் உரிமமில்லாத நகல் அது. கூடவே ஒரு 'கேசட்'. அதன் மேல் 9999 ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும். செருகிப் பார்த்தால் உள்ளே இருப்பவை சில ஆட்டங்கள்தாம். அவையே வேறு வேறு பெயரில் பக்கம் பக்கமாகத் திரும்ப வரும்.

ஏமாற்று வேலைதான். ஆனாலும் அந்தப் பட்டியலுக்குள் கவனிக்க வேண்டிய ஒன்று இருந்தது. ஒரே ஆட்டம் ஒரு வரியில் மூன்று உயிரோடு தொடங்கும். இன்னொரு வரியில் முப்பது உயிரோடு தொடங்கும். வேறொரு வரியில் நேராக நடுக்கட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தும். எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவதற்காக நகலெடுத்தவர்கள் செய்த மாற்றம், விளையாடும் பிள்ளைக்கு வேறொன்றாகப் பயன்பட்டது. எவ்வளவு கஷ்டத்தோடு ஆடுவது என்பதை அவனே தேர்ந்துகொண்டான். அசலை உருவாக்கிய நிறுவனம் வெளிப்படையாகத் தராத வசதியைக் கள்ளக் கேசட் தந்தது.

'காண்ட்ரா'வை நினைத்துப் பார்த்தால் அந்த வசதியின் அருமை விளங்கும். கொனாமி நிறுவனத்தின் அந்தத் துப்பாக்கிச் சண்டை ஆட்டம் 1988-இல் ஃபேமிகாமுக்கு வந்தது. மூன்று உயிர், ஒரே குண்டில் ஓர் உயிர் போய்விடும். அருவிக் கட்டத்தைத் தாண்டாமலேயே கைவிட்டவர்கள் ஏராளம். இதற்கு மாற்றாக ஒரு ரகசியப் பொத்தான் சேர்க்கை இருந்தது. மேலே இரண்டு, கீழே இரண்டு, இடம், வலம், இடம், வலம், பிறகு பி, ஏ. தலைப்புத் திரையில் இதை அழுத்திவிட்டுத் தொடங்கினால் முப்பது உயிர். இந்தச் சேர்க்கையை உருவாக்கியவர் கஸுஹிஸா ஹஷிமோட்டோ. 1986-இல் 'கிரேடியஸ்' ஆட்டத்தை ஃபேமிகாமுக்கு மாற்றியபோது, தான் மாற்றிய ஆட்டத்தைத் தானே ஆடி முடித்துச் சோதிக்க முடியாமல் இந்தக் குறுக்குவழியை வைத்துக்கொண்டார். மாற்றி அமைத்தவருக்கே கடினமாக இருந்த ஆட்டம் உலகத்தின் பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும்! ஹஷிமோட்டோ 2020 பிப்ரவரியில் காலமானபோது, உலகெங்கும் நடுவயதை எட்டிவிட்ட ஆட்டக்காரர்கள் அந்தப் பத்து அழுத்தங்களைச் சொல்லி அவரை நினைவுகூர்ந்தார்கள்.

ஒரு வீடியோ கேம், ஆடுபவருக்குக் கடின அளவைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பைத் தர வேண்டுமா, அல்லது உருவாக்கியவர் வைத்த அளவில்தான் எல்லோரும் ஆட வேண்டுமா? கடந்த சில ஆண்டுகளாக விளையாட்டு உலகில் அதிகம் சண்டைக்கு வந்த கேள்விகளில் இது ஒன்று. கேள்வி பழையது, சூடு புதியது.

பழையது என்பதற்குச் சான்று, 1977-இல் வந்த அட்டாரி விசிஎஸ் கருவி. அதன் உடம்பிலேயே கடின அளவுக்கு இரண்டு சுவிட்சுகள் இருந்தன. இடது ஆட்டக்காரருக்கு ஒன்று, வலது ஆட்டக்காரருக்கு ஒன்று. அப்பாவும் மகளும் ஒன்றாக உட்கார்ந்தால் அப்பாவுக்குக் கடினத்தையும் மகளுக்கு எளிமையையும் வைத்துக்கொண்டு நியாயமான போட்டி ஆடலாம். காசு போட்டு ஆடும் பார்லர் இயந்திரங்களில் இந்தச் சுவிட்சு பெட்டிக்குள் இருந்தது. உள்ளே இருக்கும் சிறு சுவிட்சுகளை இயந்திரத்தின் உரிமையாளர் திருப்பி, எத்தனை உயிர், எவ்வளவு கடினம் என்று முடிவுசெய்வார். காசு சீக்கிரம் தீர வேண்டும், ஆனால் ஆடுபவன் வெறுத்துப் போய்விடவும் கூடாது. திருகு ஆடுபவர் கையில் இல்லாமல் வியாபாரியின் கையில் இருந்தது இங்கேதான்.

தொண்ணூறுகளில் கணினி ஆட்டங்கள் தேர்வைத் திரும்பக் கொண்டுவந்தன. ஆனால் மரியாதையோடு கொண்டுவரவில்லை. 1992-இல் வந்த 'வுல்ஃபன்ஸ்டைன் 3டி'யில் மிக எளிய அளவைத் தேர்ந்தால், ஆட்டத்தின் நாயகன் குழந்தைத் தொப்பி போட்டு, வாயில் ரப்பர் சூப்பியோடு காட்சி தருவான். மறு ஆண்டு வந்த 'டூம்' ஐந்து அளவுகளை வைத்து, மிக எளியதற்குச் சாகிற வயதா எனக்கு என்று கெஞ்சும் தொனியில் பெயர் வைத்தது. எளிய வழியைத் தேர்பவர் கேலிக்குரியவர் என்ற எண்ணம் அந்தப் படங்களிலும் பெயர்களிலும் ஊறி, அடுத்த தலைமுறை ஆட்டக்காரர்கள் வரைக்கும் வந்து சேர்ந்தது. இன்றைய சண்டையின் கசப்பில் பாதி அங்கிருந்து வந்தது.

தமிழ்ப் பிள்ளைகளின் தெரு விளையாட்டுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. கண்ணாமூச்சியோ ஓடிப்பிடித்தலோ நடக்கும்போது அண்ணனோடு ஒட்டிக்கொண்டு வரும் நாலு வயதுத் தம்பியை என்ன செய்வது? விரட்டினால் அழுவான், முழு ஆளாகச் சேர்த்தால் முதல் நிமிடத்திலேயே அவுட்டாகி அழுவான். 'ஒப்புக்குச் சப்பாணி' என்று அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். அவன் ஓடலாம், ஒளியலாம், கத்தலாம். பிடிபட்டாலும் அவுட் இல்லை. ஆட்ட விதியை மாற்றாமல், ஓர் ஆளுக்கு மட்டும் தளர்த்துகிற ஏற்பாடு. எந்தக் கணினிக்கும் முந்திய எளிய அளவு இது.

அந்த ஏற்பாட்டின் குறையையும் மறைக்க வேண்டியதில்லை. அந்தப் பிள்ளை தோற்றாலும் கணக்கில்லை, ஜெயித்தாலும் கணக்கில்லை. ஆறு வயதானதும் அவனே 'நானும் நிஜ ஆட்டம்தான்' என்று சண்டை போடுவான். தளர்வு வேண்டும், ஆனால் ஜெயித்தால் அது ஜெயிப்பாக இருக்க வேண்டும் என்பதுதான் அந்தச் சண்டையின் பொருள். 2017-இல் வந்த 'கப்ஹெட்' இதே தவற்றைப் பெரிய அளவில் செய்தது. எளிய அளவில் ஆடினால் எதிரிகளை வீழ்த்தலாம். ஆனால் கடைசிக் கட்டத்துக்கு அனுமதி கிடையாது. எளிய வழியில் வந்தவரை வாசல் வரை அழைத்துவந்து கதவைச் சாத்துகிற விதி அது.

நம் பலகை விளையாட்டுகள் இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கின்றன. கோயில் மண்டபங்களின் கல்தரையில் இன்றும் கோடுகள் காணக்கிடைக்கும் ஆடு புலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு. இரு பக்கமும் சமமே இல்லை. புலிக்குத் தாவி வெட்டும் வலிமை, ஆட்டுக்கு எண்ணிக்கை. முன்யோசனை அதிகம் தேவைப்படுவது ஆடுகளை நடத்துபவருக்கு. யார் எந்தப் பக்கம் உட்காருவது என்பதிலேயே கைத்திறனைச் சரிக்கட்டும் இடம் இருக்கிறது. பல்லாங்குழி நேர் எதிர். ஒரு சுற்றில் தோற்றவர் அடுத்த சுற்றில் தன்னிடம் உள்ள முத்துகளால் நிரப்ப முடிந்த குழிகளை வைத்துத்தான் ஆட வேண்டும். நிரப்ப முடியாத குழிகள் அவருக்கு இல்லாமல் போகும். தோற்றவருக்கு ஆட்டம் மேலும் கடினமாகிறது. இரக்கமே இல்லாத விதி. மார்கழியில், வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கும் வீடுகளில் விரியும் பரமபதமோ திறமையையே கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது. விடியலில் ஸ்ரீரங்கத்துப் பரமபத வாசல் திறப்பதற்குக் காத்திருக்கும் பாட்டியும் பேரனும் அதில் சமம். தாயம் விழுந்தபடி ஏணியும் பாம்பும். திறமை வேறுபாட்டைக் கையாள மூன்று வழிகளை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். மூன்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. எதிரே ஒரு மனிதர் இருந்தார். அவர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், எடுத்து வைத்த காயைத் திரும்ப வைக்க விடலாம், 'இன்னொரு தரம் யோசி' என்று சொல்லலாம். கணினி அப்படிச் சொல்லாது. மனிதர் செய்த அந்தச் சலுகையைத் திரையில் யாராவது எழுதி வைத்தால்தான் உண்டு.

இனி எதிர்த்தரப்புக்கு வரலாம். அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

2019 மார்ச் 22 அன்று ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 'செகிரோ' ஆட்டத்தை வெளியிட்டது. எதிரியின் வாள் இறங்கும் அந்தக் கணத்தில் தன் வாளைக் கொண்டு தட்ட வேண்டும்; அந்தத் தாளம் பிடிபடும்வரை சாவுதான். எளிது, நடுத்தரம், கடினம் என்று எந்தத் தேர்வும் கிடையாது. இந்த ஆட்டத்தை வைத்துத்தான் சண்டை உலகமெங்கும் வெடித்தது. அந்த ஆண்டின் கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த ஆட்டம் என்ற விருதையும் அதுவே பெற்றது. அதன் இயக்குநர் ஹிடெடாகா மியாஸாகியின் நிலை தெளிவானது. எல்லோரும் ஒரே மலையை ஏற வேண்டும், ஏறியபின் ஒரே அனுபவத்தைப் பேசிக்கொள்ள வேண்டும். கடினத்தைக் குறைத்தால் இன்னும் பலர் ஆடுவார்கள் என்பதை அவர் மறுக்கவில்லை. தடையைத் தாண்டும் மகிழ்ச்சியே ஆட்டத்தின் உயிர், அதை எடுத்துவிட்டால் ஆட்டமே உடைந்துவிடும் என்பது அவர் 2024-இல் மீண்டும் சொன்ன கருத்து.

இதில் உண்மை இருக்கிறது. ஒரு தடையை ஐம்பது முறை தோற்று ஐம்பத்தோராவது முறை தாண்டியவருக்கு, அது மூன்றாம் முறையிலேயே தாண்டக்கூடியதாக இருந்திருந்தால் அந்தப் பூரிப்பு கிடைத்திருக்காது. டென்மார்க் ஆய்வாளர் யெஸ்பர் யூல் 2013-இல் எழுதிய நூலில் இந்த முரணைத்தான் ஆராய்கிறார். மனிதர் தோல்வியை வெறுக்கிறார்கள். ஆனால் தோல்வி நிச்சயம் என்று தெரிந்த விளையாட்டைத் தேடிப் போகிறார்கள். இன்னொன்றும் உண்டு. பட்டியலில் எளிய அளவு இருந்தால், கொஞ்சம் முயன்றால் கடினத்தைத் தாண்டக்கூடியவரும் முதல் சறுக்கலிலேயே அதற்கு இறங்கிவிடலாம். ஒரு நல்ல ஆட்டம் தரவிருந்ததை அவர் தெரியாமலேயே இழந்துவிடுவார். இந்த இழப்பு கற்பனையானது அல்ல.

ஆனால் இந்த வாதம் ஒன்றைச் சொல்லாமலேயே ஒப்புக்கொள்ள வைக்கிறது. உருவாக்கியவர் ஓர் அளவை வைத்தால் எல்லோரும் அதே அளவைத்தான் சந்திக்கிறார்கள் என்பதே அது. அப்படி நடப்பதில்லை. இதற்கு மிக நல்ல சான்று ஒரு தமிழ்ச் சமையலறைக்குள் இருக்கிறது.

கனடாவின் டொரண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31-இல் 'வெண்பா' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. எண்பதுகளில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பாவும் அவள் கணவன் பாவலனும், அங்கே பிறக்கும் மகன் கவினுமாக ஒரு குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு வெண்பாவிடம் இருக்கிறது. அது கிழிந்து, மை கலைந்து கிடக்கிறது. விடுபட்ட படிகளைக் கண்டுபிடித்து உணவைச் சமைப்பதுதான் ஆட்டம். முதல் புதிர் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிகளுக்கும் போகும் என்று கண்டறிய வேண்டும். மண்ணச்சநல்லூரின் எந்தச் சமையலறையிலும் இது புதிரே அல்ல. இட்லிக் கொப்பரையைத் தினமும் அடுப்பில் ஏற்றுகிற கை யோசிக்காமல் செய்துவிடும். இட்லியைக் கண்ணால் பார்த்திராத ஒருவருக்கோ அது உண்மையான புதிர். நின்று, படத்தைப் பார்த்து, துளையின் இடத்தைக் கவனித்து, தவறி, மறுபடி செய்ய வேண்டும்.

அதே ஆட்டம், அதே புதிர், அதே அளவு. ஒருவருக்கு விளையாட்டு, ஒருவருக்குப் பரீட்சை. கடினம் என்பது நிரலுக்குள் எழுதிவைத்த ஓர் எண்ணாக இருப்பதில்லை. ஆட்டத்துக்கும் ஆடுபவரின் கை, கண், பழக்கம், வளர்ந்த வீடு ஆகியவற்றுக்கும் நடுவில் அது பிறக்கிறது. இதைப் புரிந்துகொண்ட 'வெண்பா'வை உருவாக்கியவர்கள் தவறினால் தண்டனை வைக்கவில்லை. மாட்டிக்கொண்டவருக்குக் குறிப்பு தந்தார்கள். அதனால் ஆட்டத்தின் தரம் தாழ்ந்துவிடவில்லை. 2024-இல் சுயாதீன விளையாட்டு விழாவின் உயரிய விருதான ஷேமஸ் மெக்நாலி பெரும்பரிசையும், அதே ஆண்டு பாஃப்டாவின் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான விருதையும் அது பெற்றது.

இட்லிப் புதிரைத் திருப்பிப் போட்டால் தமிழ்நாட்டு ஆட்டக்காரரின் நிலை தெரியும். உலகத்தின் பெரும்பாலான ஆட்டங்கள் தமிழில் வருவதில்லை. கதையையும் கட்டளையையும் குறிப்பையும் ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய அரசுப் பள்ளி மாணவருக்கு, நடுத்தர அளவு என்று பெட்டியில் எழுதியிருப்பது ஏற்கெனவே கடின அளவு. அவர் ஆடுவது பெரிய திரையில் அல்ல, கடுகளவு எழுத்து தெரியும் கைபேசியில். விலை குறைந்த கைபேசி படங்களைத் தயங்கித் தயங்கிக் காட்டும். இணைய இணைப்பு இழுத்தடிக்கும். 'லேக் அடிக்குது' என்பது தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களின் அன்றாடப் பேச்சு. எதிரியின் வாள் இறங்கும் கணத்தில் தட்ட வேண்டிய ஆட்டத்தில், அந்தக் கணமே தாமதமாக வந்து சேர்ந்தால் ஒரே மலை, ஒரே ஏற்றம் என்ற பேச்சுக்கு என்ன பொருள்? சிலருக்கு மலை அடிவாரத்திலிருந்து தொடங்குகிறது, சிலருக்குப் பள்ளத்திலிருந்து.

உடலால் மாறுபட்டவர்களின் நிலை இதைவிடக் கூர்மையானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம் பேர். 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் கல்வி, வேலையோடு நிற்காமல் பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் அவர்கள் சேர வழிசெய்ய வேண்டும் என்கிறது. டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை, அரசமைப்பின் 21-ஆவது பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30-இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு வங்கிச் சேவை போன்ற தேவைகளைப் பற்றியது. வீடியோ கேம் பற்றியது அல்ல. ஆனாலும் திரையை எல்லோரும் பயன்படுத்தும்படி செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேர்விட்டுவிட்டது.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வது நல்லது. மாற்றுத்திறனாளி ஆட்டக்காரர் என்றால் எளிய அளவு கேட்பவர் என்று பலரும் எண்ணுகிறார்கள். 'ப்ரோலிலெக்ஸ்' என்ற பெயரில் அறியப்பட்ட அமெரிக்கர் மைக் பெகம் அந்த எண்ணத்தைத் தகர்த்தவர். கைகால் மூட்டுகள் இயங்காத பிறவிக் குறைபாட்டோடு, கட்டுப்பாட்டுக் கருவியை முகத்தால் இயக்கி 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' போட்டிகளில் திடமான உடல்கொண்டவர்களை வீழ்த்தினார். அவருக்கு வேண்டியிருந்தது எளிய எதிரி அல்ல. தன் உடம்புக்குப் பொருந்தும் கட்டுப்பாடு. பொத்தான்களை மாற்றி அமைப்பது, எழுத்தைப் பெரிதாக்குவது, நிறத்தை மாற்றுவது, ஒலிக்குப் பதில் அதிர்வு தருவது எல்லாம் ஒரு வகை. எதிரியின் பலத்தைக் குறைப்பது வேறு வகை. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு 'எளிது' என்று எழுதி ஒட்டுவதுதான் பல ஆட்டங்கள் செய்யும் தவறு.

2020 ஜூனில் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2' இந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டியது. பார்வை, செவி, கை இயக்கம் ஆகியவற்றுக்கென அறுபதுக்கு மேற்பட்ட அமைப்புகள் தனியே; கடின அளவும் ஒற்றைத் திருகாக இல்லாமல் ஐந்தாகப் பிரிந்திருந்தது. நாயகியின் தாங்குதிறன், எதிரிகளின் பலம், துணைவர்களின் உதவி, மறைந்து செல்லும் வசதி, கிடைக்கும் பொருட்களின் அளவு என்று ஐந்தையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம். சண்டையில் கை தளர்ந்தவர் எதிரியை மட்டும் தணித்துக்கொண்டு, பொருள் தட்டுப்பாடு தரும் பதற்றத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

பெரும்பணம் இருந்தால்தான் இது முடியும் என்பதும் இல்லை. 2018 ஜனவரியில் ஒரு சிறு குழு வெளியிட்ட 'செலஸ்ட்' மலையேற்றத்தைப் பற்றிய ஆட்டம். தாவலும் தொங்கலுமாக மிகக் கடினமானது. அதில் ஒரு துணைப்பட்டியல் உண்டு. ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கலாம், களைப்பில்லாமல் தொங்கலாம், அடியே படாதபடி செய்துகொள்ளலாம். உருவாக்கும்போது அதற்கு ஏமாற்று அளவு என்ற பொருளில்தான் பெயர் வைத்திருந்தார்கள். பிறகு யோசித்து உதவி அளவு என்று மாற்றினார்கள். நாங்கள் மனத்தில் வைத்தது கடினமான ஆட்டம், ஆனால் ஒவ்வொருவரும் வேறு என்று தெரியும் என்ற தொனியில் ஒரு குறிப்பும் வைத்தார்கள். உதவியோடு ஏறியவருக்கும் அதே உச்சி, அதே முடிவு. மியாஸாகியின் கவலைக்கு இதைவிட நேர்மையான பதில் இருக்க முடியாது. படைப்பாளியின் எண்ணம் அழியவில்லை, அது வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. முடிவு ஆடுபவர் கையில் விடப்பட்டது.

2020-இல் முழுவடிவம் பெற்ற 'ஹேடிஸ்' இன்னும் நுணுக்கமாகச் செய்தது. அதன் 'காட் மோட்' தேர்வை எடுத்துக்கொண்டால் அடியின் வலி இருபது விழுக்காடு குறையும். ஒவ்வொரு முறை சாகும்போதும் மேலும் இரண்டு விழுக்காடு குறைந்து, எண்பதில் நிற்கும். விழ விழ ஆட்டம் கை கொடுக்கிறது. பல்லாங்குழி விதியின் நேர் எதிர்ப்பதம்.

சொல்லப்போனால் ஃப்ரம்சாஃப்ட்வேரே தன் கொள்கையை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கவில்லை. 2022 பிப்ரவரியில் அது வெளியிட்ட 'எல்டன் ரிங்' பட்டியலில் கடின அளவு கிடையாது; ஆனால் ஆட்டத்துக்குள் ஆவித்துணைகளை அழைக்கலாம், முடியாத எதிரியை விட்டுவிட்டு வேறு திசையில் போய் வலுவேற்றிக்கொண்டு வரலாம், மற்ற ஆட்டக்காரரைத் துணைக்குக் கூப்பிடலாம். கடினத்தைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு பட்டியலிலிருந்து உலகத்துக்குள் இடம் மாறியிருக்கிறது. ஓராண்டில் இரண்டு கோடிப் பிரதிகள் விற்றன. இதே பாணியில் 2023-இல் கொரியாவிலிருந்து வந்த 'லைஸ் ஆஃப் பி' முதலில் ஒரே அளவோடு வெளிவந்து, 2025 ஜூனில் வெளிப்படையாகவே தேர்வுகளைச் சேர்த்துக்கொண்டது.

தேர்வு தருவதா வேண்டாமா என்ற சண்டையின் சத்தத்தில், அதைவிடக் கவலைக்குரிய ஒன்று கவனிப்பாரின்றி வளர்ந்துவிட்டது. ஆடுபவருக்குத் தெரியாமலேயே கடின அளவை மாற்றுவது. இதன் தொடக்கம் நல்லெண்ணத்தில்தான். ராபின் ஹூனிக்கி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், 'ஹாஃப்-லைஃப்' ஆட்டத்தில் தடுமாறுபவருக்கு மருந்தையும் குண்டையும் சத்தமில்லாமல் கூட்டிக் கொடுத்துப் பார்த்தார். ஆடியவர்கள் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அதே ஆண்டு வந்த 'ரெசிடென்ட் ஈவில் 4', அடிக்கடி சாகிறவருக்கு எதிரிகளின் ஆவேசத்தை ரகசியமாகத் தணித்தது. இதுவரை குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நல்ல கதைசொல்லி கேட்பவர் முகத்தைப் பார்த்து வேகத்தை மாற்றுவது போன்றது.

வியாபாரம் உள்ளே வந்ததும் நிலை மாறியது. 2017-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களின் கணக்கில் நோக்கம் ஆடுபவரின் இன்பம் அல்ல. அவர் ஆட்டத்தை விட்டுப் போகாமல் இருப்பது. கைபேசிப் புதிர் ஆட்டம் ஒன்றில் இந்த வழியில் ஈடுபாட்டை ஒன்பது விழுக்காடு வரை கூட்ட முடிந்தது என்று அவர்களே எழுதினார்கள். தமிழ்நாட்டின் தெருவுக்குத் தெரு ஆடப்பட்ட பப்ஜி மொபைலில் புதிதாகச் சேர்ந்தவரின் முதல் ஆட்டங்களில் எதிரே ஓடியவர்களில் பலர் மனிதர்களே அல்ல, நிரல் இயக்கும் 'பாட்'கள். 'சிக்கன் டின்னர்' என்ற வெற்றி அறிவிப்பு கிடைத்த பூரிப்பில் கைபேசியைச் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் காட்டிய பையனிடம், நீ எளிய அளவில் ஆடிக்கொண்டிருக்கிறாய் என்று யாரும் சொல்லவில்லை. 'கேண்டி க்ரஷ்' பாணி ஆட்டங்களிலோ, தாண்டக் கடினமான கட்டத்தில் நிறுத்திவிட்டு, தாண்டும் வழியைக் காசுக்கு விற்கிறார்கள். கடினம் அங்கே கடைச் சரக்கு. எளிய அளவு உண்டு, விலை கொடுத்தால்.

பார்லர் இயந்திரத்தின் பெட்டிக்குள் இருந்த சுவிட்சு வேறு வடிவில் திரும்ப வந்திருக்கிறது. ஆகவே தேர்வு வேண்டும் என்று கேட்பது சோம்பேறிகளின் கோரிக்கை ஆகாது. ஆட்டம் தன்னிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று அறியும் உரிமையை ஆடுபவர் கேட்கிறார்.

எளிய அளவில் ஆடுவது பற்றிய கூச்சம் சதுரங்கத்தில் இருப்பதே இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரான விஸ்வநாதன் ஆனந்த் முதல், 2024 டிசம்பரில் 18 வயதில் உலகச் சாம்பியனான குகேஷ் வரை, தமிழ்நாட்டின் வீடுகளில் சதுரங்கம் இன்று பெருமைக்குரிய விளையாட்டு. லிசெஸ் என்ற இணையதளத்தில் கணினியோடு ஆட எட்டு அளவுகள் இருக்கின்றன. முதல் அளவில் தொடங்கும் குழந்தையை எந்தப் பயிற்சியாளரும் கேலி செய்வதில்லை. ஒவ்வோர் அளவாக ஏறுவதைத்தான் பயிற்சி என்கிறார்கள். எட்டாவது அளவில் ஆடுபவரின் வெற்றி, முதல் அளவில் ஆடுபவர் ஒருவர் இருப்பதால் மதிப்பிழந்துவிடுவதும் இல்லை. வாளும் துப்பாக்கியும் வந்தவுடன் மட்டும் அந்த நியாயம் மாறிவிடக் கூடாது.

எனவே இந்தக் கட்டுரையின் தீர்ப்பு தேர்வின் பக்கமே. ஆனால் எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று வார்த்தைகளை ஒட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வது தேர்வு ஆகாது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, அது எப்படி இருக்கும் என்று தெரியாத ஒருவரிடம் எந்த அளவு வேண்டும் என்று கேட்பதில் பொருளில்லை. பாதியில் மாற்றிக்கொள்ள விட வேண்டும். எது எவ்வளவு மாறுகிறது என்று சொல்ல வேண்டும். உருவாக்கியவர் எந்த அளவை மனத்தில் வைத்துச் செய்தார் என்பதை ஒளிக்காமல் எழுத வேண்டும். எளிய வழியில் வந்தவருக்கும் முழு ஆட்டமும் அதன் முடிவும் கிடைக்க வேண்டும். கேலிப் படமும் ஏளனப் பெயரும் வேண்டவே வேண்டாம். ஒருவர் தன் ஆட்டத்தில் ஒரே அளவுதான் இருக்க முடியும் என்று உண்மையாக நம்பினால், அது அவருடைய கலை உரிமை. ஆனால் எழுத்தின் அளவையும் பொத்தான்களின் இடத்தையும் மாற்றவிடாமல் இருப்பதற்கு அந்த உரிமை சாக்காகாது.

சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் இன்று ஆட்டம் உருவாக்கக் கற்றுக்கொண்டிருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய எதிரியின் பலத்தைக் கணக்கிடுவதற்கு முன், முதல் பதிப்பிலேயே நாலு வேலைகளைச் செய்துவிடுங்கள். தமிழ் எழுத்தும் தமிழ்க் குறிப்பும், பெரிதாக்கக்கூடிய எழுத்து, ஆட்ட வேகத்தைக் குறைக்க ஒரு திருகு, பொத்தான்களை இடம் மாற்றும் வசதி. பிறகு ஒரு விலை குறைந்த கைபேசியில் அதை ஏற்றி, இதுவரை வீடியோ கேமே ஆடாத ஒரு பாட்டியிடமும், ஒரு கையால் மட்டும் ஆடக்கூடிய ஒரு பிள்ளையிடமும் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எங்கே அவர்கள் நின்றுபோகிறார்களோ, உங்கள் வேலை அங்கிருந்து தொடங்குகிறது.